டைல்ஸ் வாங்கும் முன்: குளியலறைத் திருத்த வேலை பற்றிய வாசகர் கேள்விகள்

கேள்வி: வணக்கம் ஐயா. எங்கள் குளியலறை 5 அடிக்கு 7 அடி. அதற்குள் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்டு, இப்போதுதான் எழுந்து நடக்கிறார். ஒரு மூலையில் எந்நேரமும் தண்ணீர் தேங்கி நிற்கிறது. சுவருக்கு மறுபக்கம் படுக்கையறை. அங்கே பெயின்ட் உரிந்து வெள்ளையாகப் பூத்து வருகிறது. பழைய டைல்ஸுக்கு மேலேயே புதியதை ஒட்டிவிடலாம், கெதியாக முடியும் என்கிறார் மேசன். கனடாவில் இருக்கும் தம்பி பணம் அனுப்புகிறேன் என்கிறார். மேசன் சொல்வதைக் கேட்கலாமா?
– ஒரு வாசகி, உவர்மலை, திருகோணமலை

பதில்: தங்கச்சி, அம்மா எழுந்து நடக்கிறார் என்பதே பெரிய ஆறுதல். மேலே ஒட்டும் வேலைக்கு மட்டும் தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். உங்கள் வீட்டில் பழுதாகியிருப்பது டைல்ஸ் அல்ல, அதற்கு அடியில் உள்ள தரை. படுக்கையறைச் சுவர் பூப்பதே அதற்குச் சாட்சி. தரையிலும் சுவர் அடியிலும் ஊறிய தண்ணீர், சீமெந்திலும் கல்லிலும் உள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு மறுபக்கம் வருகிறது. தண்ணீர் காய்ந்து போகிறது, உப்பு சுவரில் தங்கிவிடுகிறது. அதன்மேல் எத்தனை முறை பெயின்ட் அடித்தாலும் உரியும். புதிய டைல்ஸை மேலே ஒட்டினால் அந்த ஊறல் அப்படியே உள்ளே இருக்கும். தரையும் உயரும். உயர்ந்த தரையில் தேங்கும் தண்ணீர் வாசல் தாண்டி அறைக்குள் வரும்.

ஆகவே பழையதை உடைத்து எடுக்க வேண்டும். தூசியும் சத்தமும் இருக்கும், செலவும் கூடும். அம்மாவுக்காகச் செய்கிற வேலை என்பதால் அந்தச் செலவைத் தம்பியிடம் தயங்காமல் கேளுங்கள். பணம் போதாவிட்டால் கண்ணாடித் தடுப்பையும் விலைகூடிய பேசினையும் விட்டுவிடலாம். அவற்றைப் பிறகும் வாங்கலாம். தரைக்கு அடியில் செய்யாமல் விட்டதைப் பிறகு செய்ய வேண்டுமானால் எல்லாவற்றையும் மறுபடி உடைக்க வேண்டிவரும்.

உடைத்ததும் முதலில் பார்க்க வேண்டியது சரிவு. தண்ணீர் வெளியேறும் வாயை நோக்கி ஓர் அடிக்குக் கால் அங்குலம் இறங்க வேண்டும். உங்கள் அறையின் ஒரு மூலையில் அந்த வாய் இருந்தால், 7 அடி தள்ளியிருக்கும் மூலை அதைவிட ஒன்றே முக்கால் அங்குலம் உயர்ந்திருக்க வேண்டும். மேசன் கண்ணால் பார்த்துச் சரி என்பார். நீங்கள் நூல் கட்டி, மட்டக்கோல் வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள். இது அவரை அவமதிப்பது ஆகாது. நல்ல மேசன் சந்தோஷமாகக் காட்டுவார். இந்தச் சரிவை அடித்தளச் சீமெந்திலேயே எடுத்துவிட வேண்டும். டைல்ஸ் ஒட்டும்போது பசையைக் கூட்டிக் குறைத்துச் சரிவு எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

அடுத்தது கசிவுத் தடுப்புப் பூச்சு. சீமெந்துப் பூச்சு நன்றாக இறுகிய பிறகு இரண்டு கோட் அடிக்க வேண்டும். முதல் கோட் ஒரு பக்கமாக, அது காய்ந்ததும் இரண்டாவது அதற்குக் குறுக்காக. சுவரைச் சுற்றி ஓர் அடி உயரத்துக்காவது ஏற வேண்டும், ஷவர் இருக்கும் பக்கம் 6 அடிக்கு. ஒழுக்கு பெரும்பாலும் தொடங்கும் இடங்கள் இரண்டு: தரையும் சுவரும் சேரும் மூலை, பைப் தரையைத் துளைத்து இறங்கும் இடம். மூலையைச் சீமெந்தால் சற்று வளைத்துவிட்டு, வலைப்பட்டி வைத்துப் பூச்சுக்குள் பதிக்கச் சொல்லுங்கள்.

பிறகு ஒரு சோதனை. இதை விட்டுக்கொடுக்கவே கூடாது. தண்ணீர் வெளியேறும் வாயை இறுக்கமாக அடைத்து, வாசலில் சிறிய அணை கட்டி, உயர்ந்த மூலையும் நனையும்படி தண்ணீர் நிரப்புங்கள். மட்டத்தைச் சுவரில் பென்சிலால் கோடிட்டு வைத்து, 24 மணி நேரம் அப்படியே விடுங்கள். அன்றைக்கு அம்மாவைப் பக்கத்து வீட்டில் குளிக்கச் சொல்லலாம். மறுநாள் கோட்டை விட்டுத் தண்ணீர் வெளிப்படையாக இறங்கியிருந்தாலோ, படுக்கையறைச் சுவரடியில் ஈரம் தெரிந்தாலோ, அந்த நிலையில் திருத்துவது மலிவு. டைல்ஸ் போட்டபின் அப்படி இல்லை.

டைல்ஸைப் பற்றி: ஹாட்வெயார் கடையில் 2 அடிக்கு 2 அடி பளபளப்பான டைல்ஸைத்தான் முதலில் காட்டுவார்கள். குளியலறைத் தரைக்கு அது பொருந்தாது. பெரிய தகடு நான்கு பக்கச் சரிவுக்கு வளைந்து கொடுக்காது. இடையில் தண்ணீர் நிற்கும். ஓர் அடிக்கு மேற்படாத, சொரசொரப்பான டைல்ஸ் எடுங்கள். பெட்டியில் வழுக்குத் தடை அளவு போட்டிருந்தால் ஆர் 11 நல்லது, ஆர் 10 பரவாயில்லை, ஆர் 9 வேண்டாம். ஒன்றும் போட்டிராவிட்டால் கடையிலேயே ஒன்றைத் தரையில் வைத்து, தண்ணீர் ஊற்றி, செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்று பாருங்கள். கூச்சப்படாதீர்கள். ஒட்டும்போது நான்கு மூலையிலும் நடுவிலும் சாந்து உருண்டை வைத்து அமுக்குவதை அனுமதிக்கக் கூடாது. உருண்டைகளுக்கு இடையில் உள்ள வெற்றிடத்தில் தண்ணீர் தங்கி நாறும். பல்லுக் கரண்டியால் பசையை முழுப்பரப்புக்கும் இழுத்து ஒட்ட வேண்டும். ஒட்டி உலர்ந்ததும் ஒரு நாணயத்தால் ஒவ்வொன்றையும் தட்டிப் பாருங்கள். வெறுமையான சத்தம் வந்தால் அதைக் கழற்றித் திரும்ப ஒட்டச் சொல்லுங்கள்.

இனி அம்மாவுக்கான வேலை. கைபிடிக் கம்பிகள் கொமட்டுக்குப் பக்கத்தில் ஒன்று, ஷவருக்குப் பக்கத்தில் ஒன்று, தரையிலிருந்து 33 முதல் 36 அங்குல உயரத்தில் வேண்டும். எங்கள் ஊர்ச் சுவர்கள் பல, உள்ளே பொந்துள்ள சீமெந்துக் கல்லால் கட்டியவை. அதில் துளையிட்டு பிளாஸ்டிக் ஆணிக்கூடு செருகிப் பூட்டினால், விழப்போகும் ஒரு மனிதரின் பாரத்தைக் கம்பி தாங்காது. கம்பியோடு சேர்ந்து விழுவார்கள். சுவர்ப் பூச்சை உடைத்திருக்கும்போதே, கம்பி வரும் இடத்துக் கற்களின் பொந்துக்குள் கொங்கிறீற் நிரப்பிவிடச் சொல்லுங்கள். கம்பி பூட்டியபின், வேலை முடிக்கும் ஆளையே அதைப் பிடித்து முழுப்பாரமும் கொடுத்துத் தொங்கச் சொல்லிப் பாருங்கள். கொமட் இருக்கையின் உயரம் 17, 18 அங்குலம் இருந்தால் முழங்கால் நோகாமல் எழும்பலாம். ஷவர் இடத்துக்கு வரம்பு கட்ட வேண்டாம், கால் தடுக்கும்.

கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே திறக்கும் கதவுக்குப் பின்னால் ஒருவர் விழுந்து கிடந்தால், வெளியில் இருந்து தள்ளித் திறக்க முடியாது. அவரின் உடம்பே கதவை அடைத்துவிடும். கதவு நிலையை மாற்றப் பணம் இல்லையென்றாலும், வெளியிலிருந்து திறக்கக்கூடிய பூட்டையாவது போடுங்கள்.

கேள்வி: ஐயா, எங்கள் வீடு கடற்கரைக்குக் கிட்ட. புதிதாகப் போட்ட ஷவரும் பைப்புகளும் ஒரு வருடத்துக்குள் புள்ளிபுள்ளியாகக் கறுத்துக் கறள் பிடித்துவிட்டன. ஷவர்த் துளைகளும் அடைபட்டுப் போகின்றன. கிணற்றுத் தண்ணீர்தான். பில்டர் பூட்டினால் சரிவருமா?
– நிலாவெளி

பதில்: கடைகளில் விற்கும் சாதாரண பில்டர் மண்ணையும் தூசியையும் தடுக்கும். கரைந்திருக்கும் உப்பை அது தடுக்காது. ஆகவே அந்தப் பணத்தைப் பொருளின் தரத்தில் போடுங்கள். கறள் பிடிக்காது என்று விற்கப்படும் எவர்சில்வர் பொருட்களில் பெரும்பாலானவை 304 என்ற வகை. உப்புக்காற்றில் அதுவும் புள்ளி விழும். 316 என்ற வகையில் மொலிப்டினம் கலந்திருப்பதால் கடற்கரையிலும் நீண்ட காலம் நிற்கும், விலை அதிகம். பைப்புகளில், கையில் எடுத்தால் பாரமாக இருக்கும் பித்தளையை வாங்குங்கள். பாரமில்லாமல் மினுங்குவது பெரும்பாலும் துத்தநாகக் கலவைக்கு மேல் பூசிய முலாம். அது இந்தத் தண்ணீருக்கு நிற்காது. ஷவர்த் தலைக்கு என் பரிந்துரை நல்ல பிளாஸ்டிக். துளைகள் ரப்பரில் இருக்கட்டும். அடைபட்டால் விரலால் தேய்த்தாலே சுண்ணாம்பு உதிரும். மற்றவற்றைக் கழற்றி வினாகிரியில் ஓர் இரவு ஊறவிடலாம்.

எசிட் ஊற்றிக் கழுவும் பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். அது பைப் முலாமையும் டைல்ஸ் இடைவெளிச் சாந்தையும் அரிக்கும். எசிட்டையும் வெளுக்கும் குளோரின் திரவத்தையும் ஒன்றாக ஊற்றவே கூடாது. அதிலிருந்து கிளம்பும் குளோரின் வாயு, காற்றோட்டமில்லாத சிறிய அறைக்குள் உயிருக்கே ஆபத்து.

கிணற்றைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கரையோர மணலுக்குள் மழைநீர், அடியிலுள்ள உப்புநீருக்கு மேல் ஒரு படையாக நிற்கிறது. பெரிய மோட்டரால் ஒரே மூச்சில் இழுத்தால் உப்பு மேலெழும்பும். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் இந்தக் கரையில் கிணறுகளைச் சுத்தப்படுத்தியபோது கண்ட பாடம் இதுதான்: அளவுக்கு மீறி இறைத்த கிணறுகளில் உப்பு குறையவில்லை. சிறிய மோட்டரால் காலையும் மாலையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தாங்கிக்கு ஏற்றுங்கள். குளியலறை வேலைக்குக் கடற்கரை மணலை மட்டும் யார் கொடுத்தாலும் எடுக்காதீர்கள். ஆற்று மணலே வேண்டும். கடல் மணலின் உப்பு, பூச்சைப் பூக்கவைத்து உள்ளிருக்கும் கம்பியையும் தின்றுவிடும்.

கேள்வி: மழைபோல் கொட்டும் அகலமான ஷவர் வாங்கிப் பூட்டினோம். நூல்போல் ஒழுகுகிறது. ஷவர் பழுதா?
– பாலையூற்று

பதில்: ஷவரில் பழுது இல்லை, தாங்கியின் உயரம் போதவில்லை. தாங்கித் தண்ணீரின் மட்டம் ஷவரைவிட ஒரு மீட்டர் உயர்ந்திருந்தால் கிடைக்கும் அழுத்தம் 0.1 பார் மட்டுமே. உங்கள் தாங்கி ஷவருக்கு மேல் 6, 7 அடியில் இருந்தால் 0.2 பார். அகன்ற ஷவர்கள் பலவற்றுக்கு 1 பார் அளவில் வேண்டும். அதற்காக 30 அடிக் கோபுரம் கட்ட முடியாது. சிறிய அழுத்த மோட்டர் ஒன்று பூட்டலாம், அல்லது அகன்ற ஷவரைக் கொடுத்துவிட்டுச் சாதாரணக் கைஷவர் வாங்கலாம். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். மின்சாரம் நின்றாலும் அது வேலை செய்யும்.

கேள்வி: மார்கழியில் பிள்ளைகளுக்குக் குளிர்கிறது. உடனடியாகச் சுடவைக்கும் மின் ஷவர் பூட்ட நினைக்கிறோம். குளியலறையில் ஏற்கெனவே பிளக் இருக்கிறது. அதில் கொடுக்கலாமா?
– லிங்கநகர்

பதில்: கூடாது தம்பி. 5.5 கிலோவாட் ஷவர் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 24 அம்பியர் இழுக்கும். சாதாரண பிளக் 13 அம்பியருக்கானது. வீட்டுக்கு வரும் ஒருமுனை இணைப்பே பெரும்பாலும் 30 அம்பியர்தான். ஷவர் ஓடும்போது அரிசி குக்கரும் இஸ்திரிப் பெட்டியும் போட்டால் என்னவாகும் என்று யோசியுங்கள். 3.5 கிலோவாட் உள்ளதே பிள்ளைகளுக்குப் போதும். எங்கள் ஊர்த் தண்ணீர் நுவரெலியாத் தண்ணீர் அல்ல. அதற்கும் பிரதான பெட்டியிலிருந்து தனி வயர், தனி பிரேக்கர், சரியான எர்த், மின்கசிவு ஏற்பட்டால் தானாக விழும் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் எல்லாம் வேண்டும். ஷவருக்கான சுவிட்ச் குளியலறைக்கு வெளியே இருக்கட்டும். ட்ரிப் சுவிட்சில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்துங்கள். விழாவிட்டால் அன்றே மாற்றுங்கள். எர்த் இருக்கிறதா என்று சந்தேகம் உள்ள பழைய வீடு என்றால், அதைச் சரிசெய்யும் வரை பிள்ளைகளுக்கு அடுப்பில் சுடவைத்து வாளியில் கலந்து வார்ப்பதே நல்லது.

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும் சேர். வாப்பாவுக்கு வயது போய்விட்டது. குந்தியிருக்கும் பழைய கழிவறையை எடுத்துவிட்டு கொமட் வைக்க வேண்டும். தொழுகைக்கு முன் கைகால் கழுவி வுழூ செய்யவும் வசதி வேண்டும். இடம் சிறியது.
– கிண்ணியா

பதில்: வஅலைக்கும் ஸலாம். உடைக்கும் முன் திசையை முடிவுசெய்யுங்கள். எங்கள் பகுதிக்குக் கிப்லா, அதாவது தொழும் திசை, மேற்கிலிருந்து சற்று வடக்காக இருக்கிறது. கொமட் வடக்கையோ தெற்கையோ நோக்கி இருந்தால் முன்னாலும் பின்னாலும் கிப்லா வராது. பழையது எப்படி இருந்ததோ அப்படியே கொமட்டை வைத்துவிடுவார்கள் என்று நம்பாதீர்கள். பழையதன் கழிவு வாய் இருக்கும் இடமும் கொமட்டின் கழிவு வாய் இருக்கும் இடமும் பொருந்துவது அரிது. எப்படியும் பைப்பை மாற்றத்தான் வேண்டும், அப்போது திசையையும் சரிசெய்துகொள்ளலாம்.

கொமட் வாங்கும்போது, சுவரிலிருந்து அதன் கழிவு வாயின் நடு வரையான தூரத்தைக் கடைக்காரரிடம் கேளுங்கள். ஒவ்வொரு மாதிரிக்கும் அது வேறுபடும். வீட்டில் அளக்கும்போது, சுவர் டைல்ஸும் பசையும் சேர்ந்து முக்கால் அங்குலம் அளவில் எடுத்துக்கொள்ளும் என்பதைக் கழித்துவிட்டு அளக்க வேண்டும். இதை மறந்து, கொமட்டைச் சுவரோடு சேர்க்க முடியாமல் தவித்த வீடுகள் பலவற்றைப் பார்த்திருக்கிறேன்.

வுழூ இடத்தைக் கழிவறைக்கு வெளியே, கதவுக்குப் பக்கத்தில் வைத்தால் வாப்பாவுக்கு மனதுக்கும் நிறைவாக இருக்கும். 17 அங்குல உயரத்தில் ஒரு சீமெந்து இருக்கை, முன்னால் எட்டும் தூரத்தில் நெம்பு போன்ற கைப்பிடியுள்ள பைப். திருகும் பைப் நடுங்கும் கைகளுக்குக் கஷ்டம். காலுக்கு அடியில் ஆழமில்லாத சரிவான கால்வாய் இருக்கட்டும். எழும்பப் பிடிக்க ஒரு கம்பி. 3 அடிக்கு 3 அடி இருந்தால் செய்துவிடலாம்.

கேள்வி: மாரி வந்தால் கொமட்டில் தண்ணீர் இறங்குவதில்லை, திரும்பி மேலே வருகிறது. கோடையில் ஒரு குறையும் இல்லை. புதிய கொமட் மாற்றினால் சரியாகுமா?
– தம்பலகாமம்

பதில்: ஆகாது அம்மா. கோடையில் நன்றாக வேலை செய்யும் கொமட்டில் பழுது இல்லை. வயல்சூழ்ந்த உங்கள் நிலத்தில் மாரிக்கு நிலத்தடி நீர் ஏறி, மலக்குழியிலிருந்து தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும் குழியே நிரம்பிவிடுகிறது. உள்ளே இருப்பது போக இடமில்லாமல் திரும்பி வருகிறது. கழிவு உறிஞ்சும் பவுசரை அழைத்தாலும், அடி திறந்த குழியென்றால் சில நாட்களில் நிலத்தடி நீர் திரும்ப நிரப்பிவிடும். வெள்ள காலத்தில் பிளாஸ்டிக் தாங்கி புதைத்திருப்பவர்கள் அதை முழுதாக வெறுமையாக்கவும் கூடாது. சுற்றியுள்ள தண்ணீர் அதை மேலே தூக்கிவிடும்.

செய்ய வேண்டியது கோடையில். அடியும் பக்கமும் கசியாத, இரண்டு அறைகள் உள்ள குழி கட்டி, கழிவறைத் தரையை உயர்த்தி, தண்ணீர் ஊறும் இடத்தை மண் கொட்டி மேடாக்கி அதற்குள் அமைக்க வேண்டும். கிணற்றிலிருந்து குறைந்தது 50 அடி தள்ளி இருக்கட்டும். மணல் நிலமென்றால் இன்னும் தள்ளி. இந்த மாரி முடியும்வரை கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்தே குடியுங்கள். இதை அலட்சியம் செய்யாதீர்கள், சிறு பிள்ளைகள் இருக்கும் வீடென்றால் கட்டாயம்.

கேள்வி: வேலையை எந்த மாதத்தில் தொடங்கலாம்? மேசனுக்கு நாள் கூலி நல்லதா, ஒப்பந்தம் நல்லதா?
– செல்வநாயகபுரம்

பதில்: தைப்பொங்கல் கழிந்து, மழை விட்டு, சுவர்கள் காய்ந்தபின் தொடங்குங்கள். ஐப்பசியில் தொடங்கினால் பூச்சு காயாமல் கசிவுத் தடுப்பு பிடிக்காது. கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடியில் இதற்கு நேர்மாறு: பூச்சு அளவுக்கு மீறி வேகமாகக் காய்ந்து வெடிக்கும். அப்போது செய்ய நேர்ந்தால் ஈரச்சாக்கு போட்டு ஒரு வாரமாவது நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

உடைப்பது, சரிவு எடுப்பது, பைப் புதைப்பது, கசிவுத் தடுப்பு ஆகியவற்றுக்கு நாள் கூலி கொடுங்கள். ஒப்பந்தம் பேசினால் எந்த மேசனும் விரைவாக முடிக்கத்தான் பார்ப்பார்; அவசரப்படக் கூடாத வேலைகள் இவை. டைல்ஸ் ஒட்டுவதைச் சதுர அடிக் கணக்கில் ஒப்பந்தமாகப் பேசலாம். பணத்தைப் பகுதி பகுதியாகக் கொடுத்து, கடைசிப் பகுதியைக் குளியலறையில் வீட்டார் ஒரு வாரம் குளித்தபின் கொடுப்பதாக முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மேசனுக்கு நேரத்துக்குத் தேநீரும் மதியச் சாப்பாடும் கொடுங்கள். அவர் கேட்காமலே செய்யும் நல்ல வேலைகள் பல உண்டு.

பைப்பும் வயரும் சுவருக்குள் மறையும் முன், அளவு நாடாவைப் பக்கத்தில் பிடித்து ஒவ்வொரு சுவரையும் கைபேசியில் படம் எடுங்கள். பிறகு ஒரு கண்ணாடி மாட்டத் துளைபோடும் நாளில் அந்தப் படம் தேவைப்படும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கும் ஒரு பிரதி அனுப்பிவையுங்கள். உங்கள் கைபேசி தொலைந்தாலும் அவரிடம் இருக்கும்.